மெட்டு ஏறும் செல்போன்

தேனி மாவட்டத்துத் தேவாரம் ஊரின் பேருந்து நிறுத்தத்தில் நின்று செல்போனைப் பார்த்தால் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும். தென்னந்தோப்புகளைக் கடந்து மேற்கே மலையடிவாரம் போனால் இரண்டாகக் குறையும். முதல் ஓடையில் இறங்கும்போது ஒன்று. அடுத்த திருப்பத்தில் அதுவும் போய்விடும். பையில் கிடக்கும் போன் இனி ஓய்வெடுக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டு ஏறுகிறோம். வீட்டு மேசையில் கிடந்தபோது படாத பாட்டையெல்லாம் அது படத் தொடங்குவது அந்தத் திருப்பத்தில்தான்.

இந்தப் பக்கத்து மக்கள் மலையின் உச்சிக் கணவாயை 'மெட்டு' என்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, தேவாரத்துக்கு நேர் மேலே சாக்குலூத்து மெட்டு. மெட்டைத் தாண்டினால் கேரளத்தின் ஏலக்காட்டு நாடு. ஏலக்காய் எடுக்கப் போகும் தொழிலாளர்கள், தலைச்சுமை வியாபாரிகள், மாடு மேய்ப்பவர்கள் என்று தலைமுறை தலைமுறையாக நடந்த பாதைகள் இவை. இன்று அதே மலைகளில் நடக்கவென்றே வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எல்லோர் பையிலும் ஒரு போன். அது மலையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

யாரும் கூப்பிடாதபோது போன் பெரும்பாலும் தூங்குகிறது. ஏறத்தாழ ஒன்றேகால் விநாடிக்கு ஒருமுறை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம் விழித்து, 'என் பெயரைச் சொன்னார்களா?' என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடும். உங்களை யாராவது அழைத்தால், நீங்கள் எந்த டவரின் கீழ் இருக்கிறீர்கள் என்று நெட்வொர்க்குக்குத் துல்லியமாகத் தெரியாது. நீங்கள் கடைசியாகப் பதிவு செய்த வட்டாரத்தின் டவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உங்கள் பெயரைக் கூவும். ஊர்ச் சாவடியில் தண்டோரா போட்டு ஆளைத் தேடுவதைப்போல. பெயரைக் கேட்ட போன் மட்டும் பதில் சொல்லும்.

அந்தப் பதிலின் நுட்பம் இன்னும் பெரியது. டவர் பக்கத்தில் இருந்தால் போன் கிசுகிசுக்கும். தூரத்தில் இருந்தால் கத்தும். 4ஜி போன் அனுப்பும் ஆற்றலின் உச்சம் 200 மில்லிவாட். மிகக் குறைந்த அளவோ ஒரு மைக்ரோவாட்டில் பத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையே 20 லட்சம் மடங்கு வித்தியாசம். 'கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை' என்று டவர் சொல்லிக்கொண்டே இருக்கிறது, போன் ஒரு நொடிக்குள் பலநூறு முறைகூடத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. கேட்கும் திறனும் அப்படித்தான். பலவீனமான சிக்னல் என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அது வந்து சேரும்போது நம் வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுக்கும் மின்சாரத்தில் 90 லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதிலிருந்து அம்மாவின் குரலை அது பிரித்தெடுத்துத் தருகிறது.

இப்போது அந்த மலைத் திருப்பத்துக்கு வருவோம். சிக்னல் நூலிழையாக வந்து வந்து போகும் இடத்தில் போன் தன் உச்சக் குரலில் பேசுகிறது. முற்றிலும் அறுந்துபோன இடத்திலோ, ஒவ்வொரு அலைவரிசையாகத் திருப்பித் திருப்பி டவரைத் தேடுகிறது. மெட்டின் விளிம்பில் இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டு டவர் ஒரு பக்கம், கேரள டவர் மறுபக்கம். பத்தடி நடந்தால் ஒன்று பலக்கும், இன்னும் பத்தடியில் மற்றது. போன் இங்குமங்கும் தாவிப் பதிவு செய்துகொண்டே இருக்கும். ஊரில் ஒன்றரை நாள் நின்ற சார்ஜ் மலையில் மதியமே பாதியாவது இதனால்தான். பேட்டரி பழையதாகிவிட்டது என்று பலர் கடைக்குக் கொண்டுபோகிறார்கள்.

அந்த பேட்டரியில் எவ்வளவுதான் இருக்கிறது? 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அட்டையில் போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் சுமார் 19 வாட்-மணி. அந்த 9 வாட் பல்பை இரண்டு மணி நேரம் எரிக்கும். வேறு விதமாகவும் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவரை நேர் மேலே தூக்கும் இயந்திரத்துக்கு அதை முழுதாகக் கொடுத்தால், சேதாரமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், 116 மீட்டர் உயரத்தோடு தீர்ந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல் இரண்டு மடங்குகூட வராது. அடிவாரத்திலிருந்து மெட்டுக்கோ ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏற்றம். நம் கால்கள் இட்லியிலும் சோற்றிலும் ஏறிவிடுகின்றன. போனுக்கு இருப்பது அந்தக் கைப்பிடிச் சேமிப்பு மட்டும். அதை இல்லாத டவரைத் தேடிச் செலவழிக்க விடலாமா?

ஆகவே அடிவாரத்திலேயே ஃப்ளைட் மோடு. உடனே ஒரு கேள்வி வரும்: பாதை தெரிய வேண்டாமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த அதிசயம் இருக்கிறது. இடம் காட்டும் ஜி.பி.எஸ்ஸுக்கு டவரே தேவையில்லை. பல போன்களில் ஃப்ளைட் மோடிலும் அது வேலை செய்யும், ஏனென்றால் போன் எதையும் அனுப்புவதில்லை. காது கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான்.

கேட்பது எதை? 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களை. அவை அனுப்பும் சமிக்ஞை நம் கைக்கு வரும்போது, முன்னே சொன்ன பலவீனமான டவர் சிக்னலிலும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். சுற்றியுள்ள மின் இரைச்சலுக்குள் அது மூழ்கியே கிடக்கிறது. ஆனால் ஒவ்வொரு செயற்கைக்கோளும் 1,023 துண்டுகள் கொண்ட தனக்கே உரிய ஒரு தாளத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறது. போனுக்கு அந்தத் தாளங்கள் முன்பே தெரியும். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தின் பேரிரைச்சலில் நம் வீட்டுப் பிள்ளையின் அழுகை மட்டும் காதில் விழுகிறதல்லவா, அதைப்போலத் தெரிந்த தாளத்தை அது தேடிப் பிடிக்கிறது. தாளம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதிலிருந்து தூரம். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் கிடைத்தால் இடம்.

அந்தச் செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள் உள்ளன. ஐன்ஸ்டைனின் சார்பியல் சொல்வதுபோலவே, அவை தரையில் இருக்கும் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி வேகமாக ஓடுகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் வரை கணக்குப் பிசகும். தேவாரத்தில் நிற்பவரை எங்கோ வேறொரு ஊரில் காட்டும். திருத்தி வைத்திருப்பதால்தான் திறந்தவெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். செயற்கைக்கோள் தன் விவரங்களைச் சொல்லும் வேகம் விநாடிக்கு 50 பிட்தான். ஊரில் இணையம் அந்த விவரங்களை முன்கூட்டியே ஊட்டிவிடுவதால் நமக்கு அந்த மந்தம் தெரிவதில்லை. மலையில் முதல்முறை திறந்தால் சில நிமிடங்கள் காத்திருக்க நேரலாம். அதனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, அடிவாரத்தில் ஒருமுறை இடத்தைப் பிடித்துவிட்டு ஏறுவது நல்லது.

சரி, டவர் வேண்டும் என்ற நிலை வந்தால்? ரேடியோ அலை பாறையை ஊடுருவிப் போவதில்லை. தேவாரத்துக்கு அருகே பொட்டிபுரத்து மலையை நியூட்ரினோ ஆய்வகத்துக்கு விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த காரணமே அந்தப் பாறைதான். எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை, விண்ணிலிருந்து கொட்டும் துகள்களை வடிகட்டிவிடும், நியூட்ரினோ என்னும் துகள் மட்டும் உள்ளே வரும் என்பது திட்டம். மக்கள் எதிர்ப்பிலும் வழக்குகளிலும் அது நின்றுபோனது. அண்டத்திலிருந்து வரும் துகள்களையே தடுக்கும் மலை, கீழேயிருக்கும் டவரின் முணுமுணுப்பை உள்ளே விடாது.

ஆனால் அலைக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. மலையின் விளிம்பைத் தொடும்போது அது சற்றே வளைந்து நிழலுக்குள்ளும் கசியும். இயற்பியலில் இதை விளிம்பு விளைவு என்கிறார்கள். டவரும் மலை விளிம்பும் நீங்களும் மிகச் சரியாக ஒரே கோட்டில் இருந்தால் சிக்னலில் கால் பங்கு இன்னும் மிஞ்சும். விளிம்புக்குக் கீழே இறங்க இறங்க வேகமாகச் செத்துப்போகும். அதனால் ஓடைப் பள்ளத்தில் நின்று கையை உயர்த்துவதைவிட, ஊர் கண்ணுக்குத் தெரியும் ஒரு மேட்டுக்கு நடப்பது பலமடங்கு பலன் தரும். ஊர் உங்களுக்குத் தெரிந்தால், அங்கிருக்கும் டவருக்கு நீங்களும் பெரும்பாலும் தெரிவீர்கள். இன்னொன்றும் செய்து பார்க்கலாம். பாறைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதி, ஓரிடத்தில் கூடும், பக்கத்திலேயே அழியும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் இந்த மேடு பள்ளங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரு சாணுக்கும் குறைவு. போனை ஒரு சாண் இடமோ வலமோ நகர்த்தினால் இல்லாத சிக்னல் வருவது கண்கட்டு வித்தை போலத் தோன்றும். அது அலைகளின் கணக்கு.

சிக்னல் நூலிழையாக இருக்கும் இடத்தில் பேச முயலாதீர்கள், குறுஞ்செய்தி அனுப்புங்கள். பேச்சுக்கு இணைப்பு அறாமல் நீடிக்க வேண்டும். எஸ்.எம்.எஸ்ஸுக்கு ஒரு நொடி போதும். டவரும் போனும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கட்டுப்பாட்டு வழியிலேயே அது தொற்றிக்கொண்டு போய்விடும். பெறுபவர் சிக்னலில் இல்லாவிட்டாலும் இடையில் காத்திருந்து சேரும். அதன் மொத்தக் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தென்றால் 160 அடங்கும். தமிழுக்கு 70 குறியீடுகள். குறியீடு வேறு, எழுத்து வேறு: 'தேவாரம்' என்பதில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, போனுக்கோ மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக ஏழு. தந்தி அடித்த காலத்துச் சிக்கனம் இங்கே மறுபடி உயிர்பெறுகிறது. ஆபத்தென்றால் 112. திரையில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லை, வேறொருவர் டவர் இருக்கிறது என்று அதற்குப் பொருள். 112ஐ அந்த டவரும் ஏற்றுக்கொள்ளும்.

இதெல்லாம் விளையாட்டான பேச்சு இல்லை என்பது தேனி மாவட்டத்துக்குத் தெரியும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்த 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கென அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு வனத்துறை தொடங்கிய திட்டத்தில் வழிகாட்டி இல்லாமல் யாரும் ஏற முடியாது. வழிகாட்டியின் கண்ணும் காதும் தரும் பாதுகாப்பை எந்தப் போனும் தந்துவிடாது. கூட்டத்தில் ஒருவரிடமாவது நிறைந்த பேட்டரியோடு அணைத்துவைத்த போன் இருப்பது, எல்லோருக்கும் சேர்த்துச் செய்யும் உதவி.

இனி, நம் போன் அடுத்தவருக்குத் தரும் தொல்லையைப் பற்றிப் பேசுவோம். பேருந்தில் ஒருவர் போனில் பேசுவது, பக்கத்தில் இருவர் நேரில் பேசிக்கொள்வதைவிட நமக்கு ஏன் அதிகத் தொல்லையாக இருக்கிறது? 2010-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சனும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். கவனம் தேவைப்படும் வேலையைக் கொடுத்துவிட்டு, பின்னணியில் உரையாடலைக் கேட்க வைத்தார்கள். முழு உரையாடல் கேட்டபோது வேலை கெடவில்லை. ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்டபோது தவறுகள் கூடின. மூளை அடுத்த சொல்லை ஓயாமல் ஊகிக்கும் உறுப்பு. பாதிப் பேச்சு கேட்டால், கேட்காத மறுபாதியை நிரப்பியே தீருவேன் என்று முனைகிறது. காது கொடுக்காமல் இருப்பது நம் கையில் இல்லை. முன்னே நடப்பவர் 'ஆமாம்... இல்லை... அப்படியா' என்று மூன்று கிலோமீட்டர் பேசிக்கொண்டே வந்தால், பின்னால் வருபவரின் மூளை அருவிச் சத்தத்தை விட்டுவிட்டு அந்த வீட்டுக் கதையை முடித்துவைக்கப் போராடுகிறது. கால் வைக்கும் கல்லைப் பார்க்க வேண்டிய கவனம் அது.

போனில் ஏன் உரத்துப் பேசுகிறோம் என்பதற்கும் காரணம் உண்டு. சுற்றுச் சத்தம் கூடினால் நம்மையறியாமல் குரல் உயரும். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911-இல் இதைக் கண்டு சொன்னார். ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்றில் நின்று பேசுபவர் கத்தாமல் என்ன செய்வார்? பாறை மறைவில் ஒதுங்கி நின்றால் காற்றின் இரைச்சல் குறையும், குரலும் தானாகத் தாழும்.

பாட்டை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஏறுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மீட்டர் தூரத்தில் 70 டெசிபல் கேட்கும் சத்தம், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். நூறு மீட்டரில் 30 டெசிபல். அது காதருகே ரகசியம் பேசும் அளவு, அமைதியான காட்டில் தெளிவாகக் கேட்கும். மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி, வெப்பக் காற்று மேலே மூடியதுபோல் நின்றால், சத்தம் மேலே போகாமல் வளைந்து இறங்கி இன்னும் தூரம் போகும். அந்த நேரத்தைத்தான் யானைகள் பயன்படுத்துகின்றன. நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வில், குற்றொலியில், அவை கிலோமீட்டர் கணக்கில் பேசிக்கொள்ளும். யானைகளின் அந்த அதிர்வை முதலில் கவனித்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் தமிழ் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். பின்னர் 1984-இல் அமெரிக்கரான கேட்டி பெய்ன் அதைக் கருவிகளில் பதிவு செய்து நிறுவினார். தந்தமில்லாத ஆண் யானையான மக்னாவின் நடமாட்டத்தில் தூக்கம் தொலைத்த ஊர் தேவாரம். யானையின் பேச்சு நமக்குக் கேட்காது, கேட்பது கிளை முறியும் ஒலி மட்டும். காதில் இயர்போன் இருந்தால் அதுவும் கேட்காது.

பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் ஒரு பழக்கமாகிவிட்டது. தன் எல்லைக்குள் வேற்றுப் பறவை நுழைந்துவிட்டதென்று நம்பி அது கூட்டை விட்டுப் பறந்து வருகிறது. இல்லாத எதிரியோடு சண்டைக்கு வந்த நேரத்தில் குஞ்சு பசியோடு கிடக்கும். இதைக் கொடுமை என்றே சொல்வேன். படம் எடுப்பதிலும் ஒரு மறைவான விஷயம் இருக்கிறது. இருப்பிடம் பதியும் வசதியை நிறுத்தாமல் எடுத்தால், படத்துக்குள்ளேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதப்பட்டுவிடும். வரையாட்டின் படத்தை அப்படியே பகிர்ந்தால், அது நின்ற பாறையின் முகவரியையும் சேர்த்துப் பகிர்கிறோம்.

இரவிலோ விடியலுக்கு முன்போ நடந்தால் போனின் டார்ச். நம் விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கென்றே உள்ள குச்சி செல்களில் ஒரு நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். இருட்டில் மறுபடி ஊறி நிறைய அரை மணி நேரம்வரை பிடிக்கும். இதற்கு இருள் தகவமைவு என்று பெயர். முழுதாகத் தகவமைந்த கண் பகல் கண்ணைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேலாக நுட்பமானது. நட்சத்திர வெளிச்சத்திலேயே வெள்ளைப் பாறைப் பாதை தெரியும். எதிரே வருபவர் முகத்தில் ஒரு நொடி டார்ச் அடித்தால், அரை மணி நேரம் சேர்த்த பார்வையை அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம். குச்சி செல்கள் சிவப்பு நிறத்தை ஏறத்தாழ உணர்வதே இல்லை. டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக் காலடியில் மட்டும் காட்டினால் இருவர் பார்வையும் தப்பும்.

ஏறுவதற்கு முன், சிக்னல் நிறைந்திருக்கும்போதே, வீட்டுக்கு ஒரு வரி அனுப்புங்கள். 'குரங்கணி - சாம்பலாறு. 6 பேர். மாலை 5க்குள் இறங்குவோம்.' எண்ணிப் பார்த்தால் 54 குறியீடுகள், 70க்குள் அடங்கிவிட்டது. போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு, ஃப்ளைட் மோடைப் போட்டுப் பைக்குள் வையுங்கள்.